போல்ட்ஸ்கோப்: செய்தித்தாளுக்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவில் ஒரு காகித நுண்ணோக்கி

போல்ட்ஸ்கோப் என்பது காகிதத்தை மடித்து நாமே செய்துகொள்ளும் நுண்ணோக்கி. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பைக்குள் நோட்டுப் புத்தகத்தோடு செருகிக்கொண்டு போகலாம். நான் வேதாரண்யம் பக்கம் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு படிக்கிறேன். 2025 கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா இதை வாங்கிவந்து கொடுத்தார். அன்றிலிருந்து இது என் கையில்தான் இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கிற என் வயதுப் பிள்ளைகளுக்கும், பள்ளிக்கு வாங்கிப் போட நினைக்கிற அறிவியல் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் நுண்ணோக்கி இருக்காது. துளையிட்ட கோடு போட்ட தாள்கள்தான் இருக்கும். கோட்டோடு கிழித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். பார்க்கக் காகிதம் மாதிரி இருந்தாலும் தண்ணீர் பட்டால் ஊறாது, கையால் இழுத்தால் கிழியாது. ஏழாம் வகுப்பு படிக்கிற என் தம்பி படத்தைப் பார்த்தே பாதியை மடித்துவிட்டான். கடைசியில் வில்லையைப் பொருத்துவதுதான் முக்கியமான இடம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குண்டு ஒன்று, அதைச் சுற்றிக் காந்தம். அவ்வளவுதான் வில்லை. அதே காந்தம் மொபைல் கேமராவின் மேல் ஒட்டுகிற வளையத்தையும் பிடித்துக்கொள்கிறது. கண்ணில் வைத்தும் பார்க்கலாம், மொபைலில் படமாகவும் எடுக்கலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் மனு பிரகாஷ். மீரட்டில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, இப்போது அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். தன் மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியோடு சேர்ந்து 2014இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். உதிரிப் பாகங்களின் செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. கடையில் வாங்கும்போது ஸ்லைடு, ஸ்டிக்கர்கள், இடுக்கி என்று கூட வருகிற சாமான்களைப் பொறுத்து விலை ஏறும். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதைப் பள்ளி கல்லூரிகளுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டு நிதி கொடுத்திருக்கிறது.

அந்தக் கண்ணாடிக் குண்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ இயற்பியலில் ஒளியியல் பாடத்தில் எளிய நுண்ணோக்கி வருகிறது. ஒரே ஒரு குவிலென்ஸ், அண்மைப்புள்ளி 25 செ.மீ., உருப்பெருக்கம் என்பது அந்த 25 செ.மீ.யைக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. தேர்வுக்கு இதை நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவோம். போல்ட்ஸ்கோப்பின் குண்டு ஏறக்குறைய 2.4 மி.மீ. விட்டம். கண்ணாடிக் கோளத்தின் குவியத் தூரம் அதன் விட்டத்தில் முக்கால் பங்கு என்று வைத்தால் 1.8 மி.மீ. வருகிறது. 250ஐ 1.8ஆல் வகுத்துப் பாருங்கள், 139. பெட்டியில் போட்டிருக்கிற 140 எங்கிருந்து வந்தது என்று நோட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டேன். குவியத் தூரம் கோளத்தின் நடுவிலிருந்து அளப்பது என்பதால், ஸ்லைடுக்கும் குண்டுக்கும் இடையில் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டித்தான் இடைவெளி இருக்கும். அதனால்தான் தடிமனான பொருளை இதில் வைக்க முடிவதில்லை. 1670களில் ஹாலந்தில் துணி வியாபாரியான லீவன்ஹுக் தண்ணீருக்குள் உயிர்களைப் பார்த்ததும் இப்படி ஒற்றை வில்லையை வைத்துத்தான்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. பள்ளியில் இருக்கிற கூட்டு நுண்ணோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். இதில் கண் வைத்துப் பார்த்தால் நேராகவே தெரிகிறது. 'நேரான, மாய, பெரிதாக்கப்பட்ட பிம்பம்' என்று எத்தனை தடவை எழுதியிருப்போம்! அது கண் எதிரில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் செய்தித்தாள் வருகிறது. 2025 ஜூன் 25ஆம் தேதி சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்பினார். 1984இல் போன ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு விண்வெளிக்குப் போன இந்தியர், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் கால் வைத்த முதல் இந்தியர். மறுநாள் பேப்பரில் அவருடைய வண்ணப்படம் வந்தது. ஒரு ஓரத்தை வெட்டி ஸ்லைடில் ஒட்டிப் பார்த்தேன். முகமும் இல்லை, உடையும் இல்லை. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நான்கு நிறத்தில் பொட்டுப் பொட்டாக மை. அவற்றுக்கு அடியில் வைக்கோலை இறைத்த மாதிரி காகித நார்கள். மை நாரோடு ஓடிப் பரவியிருக்கிறது. அம்மாவும் பார்த்தார், அப்பாயியும் பார்த்தார். புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பொருள் தட்டையாக இருப்பதால் ஃபோகஸ் செய்யக் கை பழகும்.

அந்தச் செய்தியிலேயே இன்னொரு விஷயம் இருந்தது. இஸ்ரோ அனுப்பிய ஆய்வுகளில் ஒன்று டார்டிகிரேடு என்கிற நீர்க்கரடிகளைப் பற்றியது. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. காய்ந்து சுருண்டு உயிர்ப்பை நிறுத்திக்கொள்ளும், ஈரம் பட்டால் மறுபடி நடமாடும். இப்படிப்பட்ட உயிரினம் எங்கோ வெளிநாட்டில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாசிதான் அதன் வீடு. பாசி நம் ஊர்க் கிணற்றுச் சுவரில் இருக்கிறது.

வடக்குத் தோட்டத்துக் கிணற்று ஓரத்துப் பாசியைப் பெயர்த்து, கிண்ணத்தில் ஒரு இரவு ஊறவைத்து, பிழிந்த தண்ணீரை ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தேன். தலையில் சக்கரம் சுற்றுவது போலத் தெரிகிற ரோட்டிஃபர்கள் நிறைய வந்தன. நெளிகிற உருளைப்புழுக்கள் வந்தன. நீர்க்கரடி லேசில் வரவில்லை. வெவ்வேறு இடத்துப் பாசியாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மழைத் தண்ணீர் விழுகிற குழாய்க்கு அடியில் இருந்த பாசியில் ஒன்று கிடைத்தது. குண்டு உடம்பு, எட்டுக் கால், காலின் நுனியில் நகம். மணல் துகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏற முயன்றுகொண்டிருந்தது. சுக்லா ஜூலை 15ஆம் தேதி கடலில் வந்து இறங்கியபோது, அவரோடு போய்வந்த உயிரினத்தின் உறவை நான் வீட்டிலேயே பார்த்தாயிற்று என்று வகுப்பில் சொன்னேன். விலங்கியல் மிஸ் அன்று பாடத்தை நிறுத்திவிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கியதும் இந்த நுண்ணோக்கி எங்கள் வீட்டுக்கு உண்மையாகவே வேண்டிய பொருளாக மாறியது. வடகிழக்குப் பருவமழை என்றால் எங்கள் பக்கம் டெங்குச் செய்தியும் கூடவே வரும். வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு பார்க்கிற டி.பி.சி. பணியாளர் அக்கா எங்கள் தெருவுக்கும் வருவார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் இருந்த பிளாஸ்டிக் டிரம்முக்குள் டார்ச் அடித்தார்.

"பாத்தியா பாப்பா, வெளிச்சம் பட்டதும் அடிக்கு ஓடுது. இது டெங்குக் கொசுப் புழுதான்."

அவர் மருந்து ஊற்றுவதற்கு முன்னால் சொட்டுக்குழாயில் இரண்டு புழுவை எடுத்துக்கொண்டேன். ஸ்லைடில் சொட்டுத் தண்ணீர், அதில் பஞ்சு இழை கொஞ்சம். இழையில் சிக்கிக்கொண்டால் புழு துள்ளாது. முழுப் புழுவும் ஒரே பார்வையில் அடங்காது, கட்டைவிரலால் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தித் தலையிலிருந்து வால்வரை போக வேண்டும். குடலுக்குள் பச்சையாக இரை நகர்கிறது. உடம்பின் இரு பக்கமும் கருப்பாக இரண்டு காற்றுக்குழாய்கள் நேராக ஓடி, வால்பக்கத்து மூச்சுக்குழலில் போய்ச் சேர்கின்றன. முதுகுப்பக்கத்து இதயம் அடித்துக்கொண்டே இருக்கிறது. மூச்சுக்குழல் குட்டையாக இருந்தால் டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ், நீண்டு மெலிந்திருந்தால் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ். வயிற்றுப் பகுதியின் எட்டாவது வளையத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை செதில்கள் உண்டு. ஏடிஸ் ஈஜிப்தி என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் பக்கவாட்டிலும் முள் இருக்கும், அதன் நெருங்கிய இனமான ஏடிஸ் அல்போபிக்டஸ் என்றால் ஒற்றை முள்தான். எனக்குக் கிடைத்ததில் பக்கமுள் இருந்தது. அக்கா டார்ச்சை வைத்தே சொன்னது சரி என்று அந்தப் பல்வரிசை சொல்லிற்று.

அக்காவையும் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு டிரம்மிலிருந்து, காற்புள்ளி மாதிரி சுருண்டு மிதந்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டி, "இதையும் வையி" என்றார். அது கூட்டுப்புழு. தலைப்பக்கம் மூச்சு விட இரண்டு கொம்பு. மெல்லிய தோலுக்கு உள்ளே வரப்போகிற கொசுவின் கண்ணும் மடங்கிய காலும் இப்போதே தெரிகின்றன. இரை தின்ன வாய் கிடையாது.

"இதுக்கு மருந்து கேக்காது பாப்பா. இது எதையும் திங்காது. தண்ணியக் கொட்டித்தான் ஆவணும். கொட்டிட்டும் சும்மா விட்டுடக் கூடாது, டிரம்மு உள்பக்கம் நல்லாத் தேய்க்கணும். முட்ட ஒட்டிக்கிட்டுக் காய்ஞ்சு கெடக்கும். அடுத்த மழக்கித் தண்ணி நின்னா பொரிச்சிரும்."

வளருருமாற்றம் என்று புத்தகத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என வட்டமாக அம்புக்குறி போட்டிருக்கும். அந்த வட்டத்தில் எந்த இடத்தில் மருந்து வேலை செய்யும், எந்த இடத்தில் செய்யாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அக்கா. அவர்களைப் போன்றவர்கள் வாசலில் வந்து நின்றால் தொட்டி மூடியைத் திறந்து காட்டவே பலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு தெரிந்து வேலை செய்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து அமீபா. கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வரத் தொடங்கியதிலிருந்து அப்பாயி எங்களைக் குளத்தில் இறங்கவே விடவில்லை. வகுப்பில் தோழிகள், "உன்கிட்டதான் நுண்ணோக்கி இருக்கே, நம்ம குளத்துல இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு" என்று கேட்டார்கள். குளத்துத் தண்ணீரைப் பார்த்தேன். செருப்பு அடி மாதிரி பாரமீசியம் ஓடியது. பச்சையாக நீந்துகிற நுண்ணுயிர்கள் இருந்தன. மெதுவாக உருமாறி நகர்கிற புள்ளி ஒன்றும் இருந்தது. அதை வைத்து நான் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

காரணம் இதுதான். இந்த நுண்ணோக்கியின் பிரிதிறன் ஏறக்குறைய 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதைவிட நெருக்கமாக இருக்கிற இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்து தெரியும். நெக்லேரியா ஃபவுலெரி என்கிற அந்த அமீபா ஏறக்குறைய 15 முதல் 25 மைக்ரான்தான். மங்கலான பொட்டாகத் தெரியலாம். தீங்கே செய்யாத அமீபாக்களும் அப்படியேதான் தெரியும். எது எது என்று பிரித்துச் சொல்ல ஆய்வகமும் மரபணுச் சோதனையும் வேண்டும். 'எங்க ஊர்க் குளத்துல அமீபா, நானே பார்த்தேன்' என்று ஒரு வீடியோவைப் போட்டால் நிமிஷத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். கருவி கையில் இருக்கிறவர்களுக்குப் பொறுப்பும் கூடுதலாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அப்பாயிக்குச் சொன்னது வேறு: அது குடிக்கிற தண்ணீர் வழியாக வராது, மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறினால்தான் வரும், மிக அரிதாகத்தான் வரும், வந்தால் பிழைப்பது கடினம். ஆனாலும் 2024இல் கோழிக்கோடு மாவட்டத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் உடனே சிகிச்சை கிடைத்துப் பிழைத்திருக்கிறான். இதைக் கேட்ட பிறகு குளிக்கலாம், ஆனால் தலை முங்கக் கூடாது, குதிக்கக் கூடாது என்று அப்பாயி தன் சட்டத்தைத் திருத்தினார்.

டெங்கு வைரஸ் இதில் தெரியாதா என்று தம்பி கேட்டான். 2 மைக்ரானில் நாற்பதில் ஒரு பங்கு அது. கொரோனாவும் அப்படித்தான், இருபதில் ஒரு பங்கு. 2020இல் நுண்ணுயிர்கள் பாடத்தை நான் மொபைலில் பார்த்துப் படித்தேன். பாக்டீரியாவும் வைரஸும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்திருக்கும். அளவு எவ்வளவு முக்கியம் என்பது அந்தப் படத்தில் தெரியாது.

இந்த நுண்ணோக்கி எனக்குக் காட்டியதில் மனத்தில் மிக ஆழமாக இறங்கியது ரியோ இலைதான். வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிற, அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிற செடி அது. இலையை முறித்து இழுத்தால் அடிப்பக்கத்து ஊதாத் தோல் சவ்வு மாதிரி உரிந்து வரும். ஸ்லைடில் வைத்தால் ஊதாக் கட்டங்களாகச் செல்கள், நடுநடுவே பச்சையாக இரண்டு காப்புச் செல்களோடு இலைத்துளை. பிளஸ் ஒன் செய்முறையில் இதன்மேல் உப்புக் கரைசல் விட்டுப் பிளாஸ்மாலைசிஸ், அதாவது தண்ணீர் வெளியேறிச் செல்லின் உள்பகுதி சுருங்குவதைப் பார்ப்போம். நான் உப்புக் கரைசல் கலக்கவில்லை. வேதாரண்யம் சன்னதிக் கடலில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து ஒரு சொட்டு விட்டேன்.

சில நிமிஷத்தில் ஊதா நிறம் செல்லின் மூலைகளை விட்டு விலகத் தொடங்கியது. சுவர் அப்படியே நிற்கிறது. உள்ளே இருந்தது மட்டும் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு ஊதா உருண்டையாக ஒதுங்குகிறது. செல்லுக்குள் இருந்த தண்ணீரைக் கடல் இழுத்துக்கொண்டது.

கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை எங்கள் கரையைக் கடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. மாமரமும் தென்னையும் வேரோடு சாய்ந்தது ஞாபகம் இருக்கிறது. அவை காற்றில் போயின. அப்பாவின் கீழ்த்தோட்டத்து முல்லைச் செடிகள் சாயவில்லை, நின்ற இடத்திலேயே நின்றன. வாய்க்கால் வழியாக ஏறிய உப்புத் தண்ணீர் வடிந்த பிறகு, ஈரம் இருக்கும்போதே இலையெல்லாம் கருகின. தண்ணீரில் நிற்கிற செடி எப்படிக் காயும் என்று அப்பாவிடம் கேட்டேன். "உப்பு குடிச்சிருச்சும்மா" என்று மட்டும் சொன்னார். ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணை வைத்திருக்கும்போதே நல்ல தண்ணீரை ஓரத்தில் விட்டு, மறு ஓரத்தில் காகிதத்தால் உறிஞ்சினேன். உருண்டைகள் மெல்ல விரிந்து பழையபடி கட்டத்தை நிரப்பின. "சீக்கிரமா நல்ல தண்ணி கட்டியிருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்துக்குள் என்றால் பிழைக்கும், நாள்கணக்கில் நின்றால் செல் செத்துவிடும், பிறகு விரியாது என்றேன். சவ்வூடு பரவல் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு நான் எழுதிக்கொண்டிருந்த பதிலுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பை அன்றுதான் பார்த்தேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு. வெளிச்சம் வேண்டும்: பகல் வானத்தை நோக்கிப் பிடிக்கலாம், டியூப்லைட் போதும், பெரிய கிட்டில் சின்ன எல்.இ.டி. விளக்கும் உண்டு. சூரியனை நோக்கி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். கை ஆடினால் காட்சியும் ஆடும், மொபைலோடு சேர்த்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். கண்ணாடிக் குண்டில் விரல் பட்டால் படம் புகையாகிவிடும், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

1200 மடங்கு என்று பெட்டியில் போட்ட பிளாஸ்டிக் நுண்ணோக்கி ஒன்று என் மாமா பையனிடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே வெங்காயத் தோலைப் பார்த்தோம். அதில் செல் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் நியூக்ளியஸ் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பிரிதிறன் இல்லாமல் பெரிதாக்குவதால் பயனில்லை. எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

செய்முறைத் தேர்வுக்கு மட்டும் வேண்டும் என்றால் இதை வாங்க வேண்டாம். ஸ்பாட்டர் என்று தேர்வில் வைக்கிற ஸ்லைடுகளை அடையாளம் காண பள்ளியில் இருக்கிற 450 மடங்குக் கூட்டு நுண்ணோக்கியில்தான் பழக வேண்டும், பாக்டீரியா, மலேரியா ஒட்டுண்ணி எல்லாம் அதைவிடப் பெரிய ஆயிரம் மடங்கு வேலை. வீட்டில், தோட்டத்தில், குளக்கரையில் பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பில் அறுபது பேர். ஒரே நுண்ணோக்கியின் முன்னால் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிஷம் பார்த்துவிட்டு, புத்தகத்துப் படத்தைப் பார்த்து ரெக்கார்டு வரைகிறோம். மடிக்காத தாள்களை மொத்தமாக வாங்கும் வகுப்பறைக் கிட்டும் இதில் உண்டு. பெஞ்சுக்கு ஒன்று என்று கொடுத்து, அன்றைய செய்தித்தாளை ஒரு ஓரம் வெட்டி வைத்துத் தொடங்குங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, பிளஸ் டூவில் எங்களுக்கு நேரம் இருப்பதில்லை.